இந்த மணல் எங்கத்தையது? யாழ்ப்பாணத்தில் பொறுப்பான கனிமக் கொள்வனவுக்குப் பல தரப்புக் கூட்டணியை வழிநடத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு எழும்பினால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள்: மேசன் யார், கம்பி எந்தக் கடையில் எடுத்தது, சீமெந்து இப்போது என்ன விலை. மணல் எந்த இடத்தில் அள்ளியது என்று கேட்பவர் மிகக் குறைவு. ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டால் டிப்பர்காரர் அதை அடுத்த ஒழுங்கையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஊரில் கட்டடம் கட்டுகிற கோயில்கள், பள்ளிக்கூடங்கள், ஒப்பந்தகாரர்கள், பிரதேச சபை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படி எல்லாரையும் ஒன்றாகக் கேட்க வைக்கும் கூட்டணியை எப்படித் தொடங்குவது, அதற்கு யார் தலைமை தாங்குவது, அந்தத் தலைவர் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். ஏதாவது ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களையும், இருக்கப்போகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கள்ள மணல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பொலிஸ், வீதித்தடை, பறிமுதல். அந்த வேலை அரசினுடையது, அதை அரசு செய்யட்டும். ஆனால் வாங்குகிறவர்கள் நாம். வாங்குகிறவர் இல்லாமல் ஒரு கியூப் மணல்கூட நகராது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் வாங்குகிறவரைச் சுற்றியே போகும்.

முதலில் நிலத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

தலைமை ஏற்க முன்வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கூட்ட நடைமுறை இல்லை, காலுக்குக் கீழே இருக்கும் நிலம்.

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெடிப்புகளும் குகைகளும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தக் கரைதலின் வெளித்தோற்றங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்குக் கிடையாது; வழுக்கையாறு மாரியில் மட்டும்தான். குடிக்கவும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரை விட்டால் வேறு பெரிய வழி இருக்கவில்லை. அந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியலில் பொதுக் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும்? அகழ்ந்த குழி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால், வடிகட்ட மண் எதுவும் இல்லாமல் அழுக்கு நேரே நிலத்தடி நீருக்குள் போகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரோடு நின்றது. அதற்காகக் கல் எடுத்த பெருங்குழிகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. கூட்டணியில் சேர்கிற ஒவ்வொருவரையும் ஒருமுறை அந்தக் குழியின் விளிம்பில் நிற்க வையுங்கள்.

மணலின் கதை வேறு. வடமராட்சியின் கிழக்குப் பக்கத்தில் வல்லிபுரம், குடத்தனை, அம்பன், மணற்காடு, நாகர்கோவில் என்று போகும் கரையில் மணல் மேடுகள் காற்றும் கடலும் சேர்ந்து குவித்தவை. மழைநீரைப் பிடித்து ஊர்க் கிணறுகளுக்குக் கொடுப்பவையும் அவைதான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது அந்தக் கரை பட்ட பாடு அங்குள்ளவர்களுக்கு மறக்காது. கரைக்கும் வீட்டுக்கும் இடையில் மேடு நிற்பது எவ்வளவு பெரிய காவல் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே பகுதியில் தாளையடியில் 2024 ஆகஸ்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. நல்ல தண்ணீருக்காக இவ்வளவு பெரிய செலவு செய்கிற மாவட்டம், இலவசமாகத் தண்ணீர் தேக்கித் தருகிற மணலை ட்ரக்டரில் ஏற்றி விற்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம்.

பொருள் வரும் பாதையை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் குழியிலிருந்து சுவர் வரைக்கும் பாதையை வரையுங்கள். அகழ்விடம், சவளோடு நிற்கும் தொழிலாளர், ட்ரக்டர் அல்லது டிப்பர், குவித்து விற்கும் இடம், சீமெந்துக் கல் அரியும் இடம், ஹார்ட்வெயர் கடை, ஒப்பந்தகாரர், மேசன், கடைசியில் பணம் கொடுப்பவர். ஒவ்வொரு கண்ணியிலும் எத்தனை பேர் என்று எழுதுங்கள். குழிகள் பல, வாங்குகிறவர்கள் பல்லாயிரம், நடுவில் மட்டும் ஆட்கள் குறைவு என்பது உடனே தெரியவரும்.

அந்த ஒடுங்கிய இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். உலக அளவில் தகரம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றுக்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு வகுத்த ஐந்து படி வழிகாட்டல் இதையேதான் செய்கிறது. நிறுவனத்துக்குள் ஒழுங்கு, இடர்களைக் கண்டறிதல், அவற்றுக்குப் பதில் நடவடிக்கை, வெளியாரின் தணிக்கை, ஆண்டறிக்கை என்பன அந்த ஐந்தும். அதில் தணிக்கையை ஒவ்வொரு சுரங்கத்திலும் வைக்கவில்லை, உருக்காலைகளில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான குழிகளிலிருந்து வரும் தாது சில உருக்காலைகளைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போகிறது என்பதுதான் காரணம்.

நமக்கு உருக்காலை கிடையாது. ஆனால் கல் அரியும் இடங்களும் குவித்து விற்கும் இடங்களும் இருக்கின்றன. இன்னொன்று நமக்கு இயற்கை தந்தது. வன்னியிலிருந்து வரும் மணலும் கருங்கல் சல்லியும் குடாநாட்டுக்குள் வர ஆனையிறவு ஒரு பெரிய வாசல், 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் மற்றது. உள்ளூரில் அள்ளுகிற மணலுக்கு அந்த வாசல்கள் உதவாது. அதற்குக் கல் அரியும் இடங்களைத்தான் பிடிக்க வேண்டும்.

அனுமதி பெற்ற இடங்கள் எவை என்ற பட்டியல் கையில் இல்லாமல் இந்தப் படம் முழுமையாகாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கனிமங்கள் அரசின் சொத்து. அகழவும், ஏற்றிச் செல்லவும், வியாபாரம் செய்யவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். கரையோர வலயத்தில், அதாவது கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள், கரையோரம் பேணல் திணைக்களத்தின் சொல்லும் உண்டு. சவுக்கங்காடு என்றால் வனத் திணைக்களம், சுண்டிக்குளம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். பட்டியலை வாயால் கேட்டு அலையாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அனுமதி இலக்கம், இடம், மாத அளவு, முடிவுத் திகதி என்ற நான்கும் போதும். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

மேசையைச் சுற்றி யார்?

வழக்கமாக இப்படியான கூட்டங்களுக்குப் பிரதேச செயலர் வருவார், கிராம அலுவலர் வருவார், பணியகத்திலிருந்தும் பொலிஸிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், ஊர்ச் சங்கத்தார் குறைகளை அடுக்குவார்கள். எல்லாரும் தேநீர் குடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். ஒரு ட்ரக்டர்கூடக் குறையாது. ஏனென்றால் அந்த மேசையில் மணல் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை.

ஆகவே முதலில் வாங்குகிறவர்களைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் பெரிய கட்டடக்காரர்களில் கோயில்கள் உண்டு. திருப்பணி என்று தொடங்கினால் ராஜகோபுரம், மண்டபம், மடம், தேர்முட்டி என்று ஆண்டுக்கணக்கில் வேலை நடக்கும். ஆகவே ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயப் பங்குச் சபைகளும் வர வேண்டும். பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் வர வேண்டும். அவற்றின் கொழும்பு, லண்டன், ரொறன்ரோக் கிளைகளிலிருந்துதான் பணம் வருகிறது. பணம் அனுப்புகிற உறவுகள் வெளியில் இருந்துகொண்டே கூட்டணிக்குப் பெரிய பலம் சேர்க்கலாம். "மணலுக்கு அனுமதிப்பத்திரம் காட்டினால்தான் அடுத்த கட்டப் பணம்" என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் அதற்கு இருக்கும் மதிப்பு நமது பத்துத் தீர்மானங்களுக்கு இல்லை. அப்புறம் ஒப்பந்தகாரர்கள், வங்கியில் வீட்டுக்கடன் கொடுக்கும் அலுவலர்கள், வீதி போடுகிற உள்ளூராட்சி சபைகள்.

தொழிலாளர் பக்கம்தான் கடினம். சவளால் அள்ளுகிறவருக்கும் ட்ரக்டர் ஓட்டுகிற இளைஞனுக்கும் சங்கம் இருக்காது. முதலாளி தனக்கு வேண்டிய ஒருவரை "இவர்தான் தொழிலாளர் பிரதிநிதி" என்று கூட்டி வருவார். அதை ஏற்காதீர்கள். ஊர்த் தேநீர்க் கடையிலோ வாசிகசாலையிலோ அவர்களைத் தனியாகச் சந்தித்து, அவர்களே இருவரைத் தெரிவு செய்ய வழி செய்யுங்கள். கூட்டத்துக்கு வருகிற நாளில் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அதைக் கூட்டணி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டாம் கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள், அதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை.

அகழ்விடத்தைச் சுற்றியுள்ள ஊரவர்களில் கடற்றொழிலாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மூன்றும் வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் ருசி எப்போது மாறியது என்று பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பல்கலைக்கழகத்தின் புவியியல், பொறியியல் துறையினரை ஆலோசகராக வையுங்கள், வாக்கு வேண்டாம்.

தலைவர் யார், அவர் கையில் என்ன?

அரச அதிகாரியைத் தலைவராக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திறமை இல்லை என்பதால் இல்லை. அவர் இடமாற்றத்தில் போவார், மேலிடத்துக் கட்டளையையும் மீற முடியாது. 2019 டிசம்பரில் மணலும் மண்ணும் களியும் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அரசே அறிவித்தது. பிறகு அது நீதிமன்றம் வரை போனது. ஒரே அறிவிப்பில் சட்டத்தின் பிடி தளரலாம். வாங்குகிறவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அப்படித் தளராது. அரசியல்வாதியும் வேண்டாம், அவர்களுக்கு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. மணல் வியாபாரத்தில் சொந்தக்காரர் உள்ளவரும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற அதிபர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தவர், ஊரில் இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஒரு பெண் தலைவர், இப்படியான ஒருவர்தான் பொருத்தம். சரி, அவரிடம் என்ன அதிகாரம் இருக்க வேண்டும்? மூன்று போதும்: நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பது, பதிவேட்டைப் பாதுகாப்பது, ஒரு முறைப்பாட்டுக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று நாள் குறிப்பது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டாம்.

முடிவெடுக்கும் முறையை முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். உலக அனுபவத்தில் இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆயுதக் குழுக்களின் போருக்குப் பணம் தரும் இரத்த வைரங்களைத் தடுக்க 2003 இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாட்டில் அரசுகள் முழு ஒருமித்த கருத்தோடுதான் முடிவெடுக்க வேண்டும். ஓரிரு நாடுகள் மறுத்தாலே எல்லாம் நின்றுவிடும். அதைத் தொடக்கிவைத்தவர்களில் ஒன்றான குளோபல் விட்னெஸ் அமைப்பே 2011 டிசம்பரில் வெளியேறிவிட்டது. பொறுப்பான சுரங்கத்தொழில் உறுதிப்பாட்டு முன்னெடுப்பு என்ற இன்னொரு அமைப்பில் ஆறு தரப்புகள் சமமாக அமர்கின்றன: சுரங்க நிறுவனங்கள், வாங்கும் நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், பாதிக்கப்பட்ட சமூகங்கள், தொழிலாளர், நிதி நிறுவனங்கள். ஒரு தரப்பின் இரு பிரதிநிதிகளும் சேர்ந்து மறுத்தால்தான் தீர்மானம் திரும்பிப் போகும்.

நமக்கு இரண்டாவதுதான் பொருந்தும். தரப்புக்கு இருவர், இருவரும் மறுத்தால் மட்டும் தீர்மானம் நிற்கும். இதனால் ஒரு தனி மனிதனின் பிடிவாதம் எல்லாரையும் கட்டிப்போடாது. அதேவேளை தொழிலாளர் தரப்பு முழுவதும் வேண்டாம் என்பதை மற்றவர்கள் தலையெண்ணிக்கையால் திணிக்கவும் முடியாது.

முதல் கூட்டத்துக்கு முன்

நல்ல தலைமையின் பாதி வேலை கூட்டத்துக்கு வெளியில்தான் நடக்கிறது. ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே, அவர்கள் இடத்துக்கே போய்ச் சந்தியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கு இதில் என்ன நட்டம் வரும்? யாரோடு ஒரே மேசையில் இருக்க முடியாது, ஏன்? எது நடந்தால் நீங்கள் எழும்பிப் போவீர்கள்? பதில்களைச் சொந்தக் கொப்பியில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மற்றத் தரப்பிடம் எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஒப்பந்தகாரர் சொல்வார், "பத்திரத்தோடு வாங்கினால் விலை கூட, கேள்விப்பத்திரத்தில் நான் தோற்றுவிடுவேன்." நியாயமான பேச்சு. அதற்குப் பதில் வாங்குகிறவரிடம்தான் இருக்கிறது. கேள்விப்பத்திரத்திலேயே மணலுக்குத் தனி வரி போட்டு, அனுமதிபெற்ற மணலின் விலையை எல்லாரும் ஒரேமாதிரி எழுத வைத்தால் ஒருவரும் தோற்க மாட்டார்கள். இப்படி ஒரு தரப்பின் கஷ்டத்துக்கு இன்னொரு தரப்பிடம் இருக்கும் மருந்தைக் கண்டுபிடித்த பிறகு கூட்டத்தைக் கூட்டுங்கள்.

அதிகாரிகளில் சிங்களம் பேசுபவர்கள் இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஒழுங்கு செய்து, கூட்டக் குறிப்பை இரண்டு மொழியிலும் அனுப்புங்கள்.

ஒரு பக்க உடன்படிக்கை

நீண்ட யாப்பு எழுதுவதில் காலம் கடத்தாதீர்கள். ஒரு பக்கம் போதும். கூட்டணி உறுப்பினர் யாரும் அனுமதிப்பத்திரம் இல்லாத மணலோ சுண்ணக்கல்லோ கிரவலோ வாங்கமாட்டார். ஒவ்வொரு ஏற்றத்தையும் பதிவார். பதிவேட்டை மற்ற உறுப்பினர் பார்க்க விடுவார். அனுமதியுள்ள பொருளுக்கு நியாய விலையும் நேரத்துக்குப் பணமும் கொடுப்பார். கடைசி வரிதான் தொழில்காரரை உள்ளே வைத்திருக்கும். நேர்மையாக ஏற்றி வந்தவருக்கு மூன்று மாதம் பணம் இழுத்தடித்தால் அவர் மறுபடி இரவு ஓட்டத்துக்குத்தான் போவார்.

ஒரு குழாய்ப் பாதையில் தொடங்குங்கள்

முழு மாவட்டத்தையும் முதல் ஆண்டிலேயே சீர் செய்யப் போகாதீர்கள். கொங்கோவில் நடந்ததைக் கேளுங்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவில் வந்த டொட்–பிராங்க் சட்டத்தின் 1502 ஆவது பிரிவு, கொங்கோவிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் இருந்து வரும், முன்பு சொன்ன தகரம் முதலிய நான்கு கனிமங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதைப்பற்றி அறிக்கை தர வேண்டும் என்றது. ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகாமல் தடுக்கும் நோக்கம் நல்லது. ஆனால் பல நிறுவனங்கள் தொல்லை வேண்டாம் என்று அந்தப் பக்கமே போவதை நிறுத்தின. அதே ஆண்டு செப்ரெம்பரில் கொங்கோ ஜனாதிபதி கபிலா கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையை இடைநிறுத்த, அது 2011 மார்ச் வரை நீடித்தது. கையால் தோண்டிப் பிழைத்தவர்கள் வருமானம் இல்லாமல் நின்றார்கள்.

அப்போதுதான் மின்னணுப் பொருட்கள் செய்யும் மோட்டரோலா சொலூஷன்ஸ், ஏவிஎக்ஸ் நிறுவனங்கள் 2011 இல் வேறு வழி பார்த்தன. கொங்கோவை விட்டு ஓடாமல், தெரிந்த சுரங்கம், தெரிந்த ஏற்றுமதியாளர், தெரிந்த ஆலை, தெரிந்த வாங்குநர் என்று குழாய்போல இரு பக்கமும் அடைத்த ஒரு பாதையை உருவாக்கின. வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே கலக்காது.

நாமும் அப்படித் தொடங்கலாம். அனுமதி உள்ள ஓர் அகழ்விடம், பெயரும் இலக்கமும் தெரிந்த சில ட்ரக்டர்கள், ஒரு கல் அரியும் இடம், ஒரு கோயில் மண்டபம் அல்லது பள்ளிக்கூடக் கட்டடம். அத்திவாரம் முதல் பூச்சு வரை அந்தக் கட்டடத்துக்கு வேறு மணல் வராது. முடிந்ததும் கணக்கை எல்லாருக்கும் காட்டுங்கள்: எவ்வளவு விலை கூடியது, எங்கே தாமதம், எது சரிவரவில்லை. அதைப் பார்த்து அடுத்த கோயில் தானாகக் கேட்டு வரும்.

பதிவும் பரிசோதனையும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் கூட்டணிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். மணல் இறங்கிய பிறகு கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, இது எங்கத்தைய மண்?"

"கிழக்காலை ஐயா."

"கிழக்கு பெரிசு. எந்த இடம்?"

"முதலாளியைத்தான் கேக்க வேணும்."

ஓட்டுகிற பிள்ளையிடம் அதற்குமேல் கேட்டுப் பயனில்லை. ஓடர் கொடுக்கும்போதே முதலாளியிடம் அனுமதி இலக்கத்தையும் இடத்தையும் வாங்கிவிடுங்கள். வாகனம் வாசலுக்கு வந்ததும், பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே, பத்திரத்தைக் கையில் வாங்கி நான்கைப் பாருங்கள். வாகன இலக்கம் முன்னால் நிற்கும் வாகனத்தோடு ஒத்துப்போகிறதா, திகதி இன்றையதா, அளவு பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா, இடம் முதலாளி சொன்ன இடமா. ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் நீள அகல உயரத்தை ஒருமுறை நாடாவால் அளந்து வைத்தால் பிறகு கண்ணாலேயே தெரியும். ஒரே பத்திரத்தில் பகல் முழுதும் பல ஏற்றம் ஓடுவதுதான் பரவலான தந்திரம். அதனால் பத்திரத்தையும் வாகனத்தையும் ஒரே படத்தில் கைபேசியில் எடுத்து, நேரத்தோடு கூட்டணியின் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். காலையில் சுன்னாகத்தில் இறங்கிய பத்திரம் மத்தியானம் நெல்லியடியில் தலைகாட்டினால் உடனே பிடிபடும். பத்திரத்தில் நீங்கள் ஒன்றும் கிறுக்க வேண்டாம், அது அரச ஆவணம்.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள். மாத முடிவில் தலைவர் எல்லாக் கொப்பிகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓர் அனுமதிக்கு மாதம் இவ்வளவு கியூப் என்று பணியகம் எழுதியிருக்க, நமது உறுப்பினர்கள் மட்டுமே அதைவிடக் கூட வாங்கியிருந்தால், மிச்சம் வேறெங்கோ அள்ளியது. இந்த ஒரு கூட்டல் கணக்கு பல இரவுக் காவலுக்குச் சமம்.

பத்திரத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கொங்கோவிலும் ருவண்டாவிலும் தாது மூட்டைகளுக்குச் சுரங்கத்திலேயே சிட்டை கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சிட்டைகளே கைமாறி, கள்ளத் தாதுவை நல்ல தாதுவாக்க உதவின என்று 2022 இல் குளோபல் விட்னெஸ் குற்றம்சாட்டியது. ஆகவே பொருளையும் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது பெரிய காரியமில்லை. தெளிந்த போத்தலில் பாதிக்குக் கீழே மணலைப் போட்டு, சிட்டிகை உப்புக் கரைத்த தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படை மணல் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் அந்த மணல் கொங்கிறீற்றுக்கு உகந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். உப்புச் சோதனைக்கு வேறு மணல் எடுங்கள். அதைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மேலே தெளிந்ததில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டால், குளோரைட்டு இருந்தால் பால் கலந்ததுபோல் உடனே வெண்மையாகக் கலங்கும். எந்தப் பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடத்திலும் உயர்தர மாணவர் இதைச் செய்வர். கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டாம், நமது கிணறுகளிலேயே குளோரைட்டு இருக்கும். உப்பு மணல் என்றால் கம்பி கறள் பிடிக்கும், சில ஆண்டில் கொங்கிறீற்று வெடித்து உதிரும். தண்ணீரையும் மேட்டையும் பற்றி எவ்வளவு சொன்னாலும் அசையாத வீட்டுக்காரர் இந்தக் கலங்கலைக் கண்டதும் கதிரையை முன்னால் இழுத்துக்கொள்வார். ஒரு எச்சரிக்கை: மாரி மழை உப்பைக் கழுவிவிடும். கலங்கவில்லை என்பதால் மணல் நல்ல இடத்தது என்று முடிவு கட்டக்கூடாது.

பிழை பிடிபட்டால்

முதல் தடவையே வெளியே தள்ளுவது எளிது, ஆனால் தள்ளப்பட்டவர் கள்ள வழிக்கே போவார். பத்திரத்தில் குறை, அளவில் சிறு மிகை என்றால் எழுத்தில் அறிவித்து, திருத்த நாள் குறித்து, அதுவரை வாங்குவதைத் தொடருங்கள். இரண்டாம் தடவை அந்த வாகனத்தை நிறுத்துங்கள். மூன்றாவது என்றால் முதலாளியை. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றக் கூலிக்கு வைப்பது, ஆயுதம் காட்டி ஊரவரை மிரட்டுவது, நீர்மட்டத்துக்குக் கீழே கல் எடுப்பது போன்றவற்றுக்குப் படிப்படி இல்லை. அன்றே கொள்வனவு நிற்க வேண்டும், உரிய திணைக்களத்துக்குக் கடிதம் போக வேண்டும்.

ஒருவரை நிறுத்தும்போது அவரிடம் வேலை செய்த தொழிலாளருக்கு என்ன வழி என்ற கேள்வியும் அதே கூட்டத்தில் வர வேண்டும். அனுமதிபெற்ற மற்ற இடத்தில் சேர்த்துவிடலாமா, கல் அரியும் வேலை கிடைக்குமா? இதை எழுதாமல் நிறுத்தல் தீர்மானம் நிறைவேறக்கூடாது என்று உடன்படிக்கையிலேயே போட்டுவையுங்கள்.

பணமும் பாதுகாப்பும்

எந்த ஒரு தரப்பும் மொத்தச் செலவின் பாதியைக் கொடுக்க விடாதீர்கள். எல்லாரும் சிறு தொகை கொடுத்து, கூட்டுறவு வங்கியில் இரு கையொப்பக் கணக்கு வையுங்கள். மணல் முதலாளியின் "அன்பளிப்பு" எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம்.

பாதுகாப்பில் விளையாடக்கூடாது. இரவில் ட்ரக்டரைத் துரத்திப் போவது, தனியாக அகழ்விடத்தில் படம் எடுப்பது, ஓட்டுநரின் முகத்தை முகநூலில் போடுவது, இவை மூன்றும் தடை. முறைப்பாடு எப்போதும் கூட்டணியின் பெயரில், பல கையொப்பத்தோடு போக வேண்டும். தகவல் தந்த ஊரவரின் பெயர் தலைவரைத் தாண்டக்கூடாது. மிரட்டல் வந்தால் அன்றே எல்லாத் தரப்புக்கும் தெரிவித்து, பொலிஸில் முறைப்பாட்டு இலக்கம் எடுங்கள்.

ஆண்டுக்கொரு முறை அறிக்கை வெளியிடுங்கள். எத்தனை கியூப் வாங்கினோம், எங்கிருந்து, எத்தனை ஏற்றம் திருப்பி அனுப்பினோம், எந்த முறைப்பாடு இன்னும் முடியவில்லை. கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டும் சுவரிலும் அதை ஒட்டலாம்.

தலைமையைக் கையளித்தல்

தலைவருக்கு இரண்டு ஆண்டு, அதற்குமேல் வேண்டாம். அடுத்த தலைவர் வேறு தரப்பிலிருந்து வரட்டும். கையளிக்கும்போது பதிவேடுகள், வங்கிப் புத்தகம், வட்ஸ்அப் குழுவின் பொறுப்பு, தகவல் அறியும் விண்ணப்பங்களின் பிரதிகள், முடியாத முறைப்பாடுகளின் பட்டியல் எல்லாவற்றையும் சாட்சியோடு கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். தனிச் சந்திப்புகளில் எழுதிய சொந்தக் கொப்பியைக் கொடுக்க வேண்டாம். அது நம்பிச் சொன்னவர்களுடையது, எரித்துவிடுங்கள். பிறகு பழையவரும் புதியவரும் சேர்ந்து அகழ்விடத்துக்கும் கல் அரியும் இடத்துக்கும் போய் வாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புதியவரின் முகமும் தொலைபேசி இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.